முன்கூட்டிய அஞ்சலி

செவ்வாய்க் கிரகத்தில் இட்லி மாவு புளிக்குமா என்பதுதான் ஸ்வர்ணலதா என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி.

அவள் நடத்திய சிற்றிதழுக்கு நங்கநல்லூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். முந்தைய இதழில் வெளியான கதையில், செவ்வாயில் குடியேறிய குடும்பம் ஒன்று காலையில் இட்லி சாப்பிடுகிறது. அந்தக் குளிரில் மாவு எப்படிப் பொங்கும் என்பது அவருடைய சந்தேகம். நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். லதா சாப்பாட்டு மேசை முழுக்கப் பக்கங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கடிதத்தைக் கையில் வைத்திருந்தாள்.

"ஏங்க, குடியிருப்புக்குள்ள சூடு இருக்கும்ல? அப்ப புளிக்கத்தானே செய்யும்?"

"ராத்திரி வெளிய எடுத்து வெச்சா புளிக்கும்."

"வெளிய மைனஸ் அறுபது."

"அப்ப நம்ம ஃப்ரிட்ஜ் மாதிரிதான். அதுக்குள்ளயே புளிச்சுத்தானே போகுது."

அவள் சிரித்துவிட்டு, அதையே வாசகருக்குப் பதிலாக எழுதிக்கொண்டாள். நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம் போனால் எங்கள் பாத்திரக்கடை. ஷட்டரைத் தூக்கி, வாசலில் குடங்களை அடுக்கி, முதல் வியாபாரம் முடிந்த பிறகு கீழ்வீட்டுக்காரர் போன் செய்தார். லதா சமையலறையில் விழுந்துகிடக்கிறாள் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

இதழைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புளூட்டோ ஒரு கோளே இல்லை என்று விஞ்ஞானிகள் கூடித் தீர்மானம் போட்ட வருடம், லதாவுக்கு வந்த கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் இயற்பியல் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு மத்தியான நேரங்களில் எங்கள் கடைக் கல்லாவில் உட்கார்ந்து, விண்வெளிக் கதைகளாகப் படித்துத் தள்ளியவள். "ஓட்டுப் போட்டு ஒரு கோளைத் தூக்குவாங்களா?" என்று வாடிக்கையாளர்களிடம் கூடக் கேட்டாள். அப்படிக் கேட்டதில், குக்கர் வாங்க வந்த மணிமொழி என்ற கல்லூரி ஆசிரியை அங்கேயே நின்று ஒரு மணி நேரம் பேசினார். அவர் மயிலாப்பூரிலிருந்து ஸ்ரீநாத்தைக் கூட்டிவந்தார். ஸ்ரீநாத்துக்குக் கணினி வேலை. அவருக்குத் தெரிந்த மெஹபூப் அலி ராயப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார், யாருக்கும் காட்டாத கதைகளும் வைத்திருந்தார். அறிவியல் கதைப் பிரியர்கள் மன்றம் என்று பெயர் வைத்து நடேசன் பூங்காவில் கூடினார்கள். 'ஒன்பதாம் கோள்' என்று ஓர் இதழ் ஆரம்பித்தார்கள். லதா ஆசிரியர். ஸ்ரீநாத் பக்கம் அமைப்பார், மெஹபூப் நகலெடுத்துப் பின் அடிப்பார். தபாலில் போகும் பிரதிகள் இருநூறைத் தாண்டியதில்லை. நான் மன்றத்தில் சேரவில்லை. உறை மேல் முகவரி எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த இதழின் கடைசிப் பக்கத்துக்கு 'முன்கூட்டிய அஞ்சலி' என்று பெயர். ஒவ்வொரு இதழிலும் ஓர் உறுப்பினர் இறந்துபோவார். சாவு இருநூறு வருடமாவது தள்ளி நடக்க வேண்டும், சாகும் விதம் அறிவியலுக்கு ஒத்துவர வேண்டும், இறப்பவர் அச்சாகும்வரை அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது. மெஹபூப் அலி ஒரு முறை, உரிமை கேட்டுச் சங்கம் வைத்த ஜெராக்ஸ் மெஷின்களோடு பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் இறந்தார். ஸ்ரீநாத் சனியின் நிலவில், மீத்தேன் மழையில், குடையை விரிக்க மறந்து இறந்தார். ஆசிரியர் என்ற மரியாதைக்காக லதாவை மட்டும் இத்தனை வருடமும் விட்டுவைத்திருந்தார்கள். இந்த இதழில் அவள் முறை. எழுதுவது மணிமொழி. பக்கம் முடிந்து நேராக ஸ்ரீநாத்துக்குப் போய்விட்டது என்று லதாவுக்குத் தெரியும். "மணி என்னை எப்படிக் கொன்னிருப்பா?" என்று சில வாரங்களாகவே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தோசை ஊற்றும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள். "எரிகல்லு மட்டும் விழக்கூடாதுங்க. அது சோம்பேறி எழுதுறது."

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த மாலையில், சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுங்கள் என்று லதாவின் அண்ணன் சொன்னார். அவள் போனில்தான் எல்லாக் குழுக்களும் இருந்தன. ஒரே செய்தியை எழுதி, சொந்தக்காரர்கள், அடுக்ககம், அவளோடு படித்தவர்கள், ஒன்பதாம் கோள் என்று எல்லாவற்றுக்கும் அனுப்பினேன். ஸ்வர்ணலதா இன்று காலமானார். நாளை காலை கண்ணம்மாபேட்டையில் தகனம். அவ்வளவுதான் எழுதினேன்.

மற்றக் குழுக்களில் கைகூப்பிய படங்கள் வரத் தொடங்கின. ஒன்பதாம் கோளில் இப்படி வந்தது.

முதலில் ஸ்ரீநாத்: "எந்த நூற்றாண்டுன்னு போடலையே! ஆசிரியரே விதியை மீறலாமா?"

அடுத்து மெஹபூப் அலி: "பாடி எந்த ராக்கெட்ல வருது மேடம்? மாம்பலம் ஸ்டேஷன்லயே நிக்கட்டா, இல்ல எக்மோர் வரணுமா?"

மணிமொழி: "அக்கா, இது அழுகுணி ஆட்டம். என் பக்கம் அச்சாகுறதுக்கு முன்னாடி நீங்களாவே செத்துட்டா நான் எதுக்கு இருக்கேன்?"

நான் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவளை வடக்கு தெற்காகக் கிடத்தியிருந்தார்கள். "இது விளையாட்டு இல்லை. உண்மை. வைரவன்" என்று எழுதி அனுப்பினேன். உடனே ஸ்ரீநாத்திடமிருந்து பதில் வந்தது. "சபாஷ்! பாத்திரக்கடைக்காரரை வெச்சே பாத்திரப் படைப்பு!"

பெங்களூரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த மகள் தீபிகா, என் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டாள்.

"யாருப்பா இவங்கல்லாம்? அறிவிருக்கா? குடுங்க போனை, நான் பதில் சொல்றேன்."

"வேண்டாம்மா."

"அம்மா வருஷக்கணக்கா இவங்களுக்காகவா உக்காந்து கண்ணு வலிக்கத் திருத்திக்கிட்டு இருந்தாங்க?"

போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவள் எண்ணிலிருந்து, அவள் சாவைப் பற்றி, அவள் முறை வந்திருக்கும் இதழுக்கு முன்னால் ஒரு செய்தி போனால், அந்த மூவரும் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் அதைத் தீபிகாவுக்கு அப்போது விளக்கும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, நகைக்கடைக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். ஊரிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அவளோடு புளூட்டோவைப் பற்றிப் பேசியவர்கள் ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள் மெஹபூப் அலி இதழின் அட்டை மாதிரியை லதாவிடம் காட்டுவதற்காகக் கடைக்குப் போயிருக்கிறார். ஷட்டரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வாங்க பாய்."

"இல்ல சார். நான் இங்கயே கீறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போஸ்டரைப் பாத்தேன் சார். மேடம் போட்டோ, மாலை, எல்லாம் கீது. நான் இன்னா நெனச்சேன் தெரிமா? யம்மா, இன்னா செலவு பண்ணிக் கலாய்ச்சுக்கினு கீறாங்க இந்தம்மான்னு சிரிச்சிக்கினே போட்டோ புட்ச்சேன். பக்கத்துல வளையல் கடை அக்கா வந்து, 'துக்கம் நடந்த கடை வாசல்ல என்னய்யா பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறே'ன்னு கேட்டாங்க. அப்பதான் சார்."

தீபிகா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து வந்தார்கள். ஸ்ரீநாத் சாப்பாட்டு மேசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கங்களை நான் எடுக்கவில்லை. ஓரமாக அடுக்கி மட்டும் வைத்திருந்தேன்.

"மன்னிச்சுடுங்கோன்னு கேக்கக்கூட வாய் வரலை சார்," என்றார் ஸ்ரீநாத். "ஆத்துல உக்காந்துண்டு நான்பாட்டுக்கு டைப் அடிச்சுண்டிருந்தேன். ஒரு போன் பண்ணியிருந்தாப் போறும்."

"நானும் பண்ணலையே," என்றேன்.

"இதழை நிறுத்திடறதுன்னு தீர்மானிச்சிருக்கோம். ஒரே ஒரு தாள். மேடம் படம், கறுப்பு பார்டர், எல்லாருக்கும் தகவல். அதோட சரி."

"லதா முடிச்சு வெச்ச பக்கமெல்லாம்?"

மெஹபூப் அலிதான் சொன்னார். "அதையெல்லாம் இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சார் போடுறது."

"கடைசிப் பக்கம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "மணிமொழி எழுதினது."

மணிமொழி சட்டென்று எழுந்துகொண்டார். "அதைக் கேக்காதீங்க சார்."

"அவ அதைப் படிக்கல. படிக்கணும்னு காத்துக்கிட்டிருந்தா. நீங்க எப்படி எழுதியிருப்பீங்கன்னு தினமும் என்னைக் கேட்டா. அது அச்சில வரணும்ங்க. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

"அப்பா," என்றாள் தீபிகா, "வேணாம்னு சொல்றாங்கல்ல. அதை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

மணிமொழி அதற்குள் படியிறங்கிவிட்டார். ஸ்ரீநாத்தைப் பார்த்தேன். அவரிடம் பிரதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் தலையை ஆட்டினார். "எழுதினவா சம்மதம் இல்லாம அந்தப் பக்கம் வெளியில போகாது சார். மேடம் போட்ட விதிதான்."

அந்த வாரம் நான் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தேன். தீபிகா ஊருக்குத் திரும்பினாள். போகுமுன், நானும் பெங்களூர் வந்துவிடலாம் என்று சொன்னாள். பார்க்கலாம் என்றேன். என் மனம் முழுக்க அந்தப் பக்கத்தின் மேலேயே இருந்தது. லதாவின் புடவைகளைக் கொடுத்துவிடலாம், கண்ணாடியைக் கொடுத்துவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், கொடுத்தேன். ஆனால் அவள் ஆசையாகக் காத்திருந்த ஒன்று அடையாற்றில் மணிமொழியின் கணினியில் படிக்கப்படாமல் கிடந்தது. அதை மட்டும் என்னால் விட முடியவில்லை.

ஒரு மத்தியானம் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். மணிமொழியின் வீடு அடையாறு சாஸ்திரி நகரில், தரைத்தளத்தில் இருந்தது. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். மேசை மேல் விடைத்தாள் கட்டுகள் இருந்தன.

"திட்டணும்னா திட்டிடுங்க சார்."

"திட்ட வரல. கேக்க வந்தேன்."

"கொஞ்சம் மோர் தரட்டுமா?"

"குடுங்க."

மோரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்.

"நான் வேதியியல் சொல்லிக் குடுக்குறவ. இதைச் சொன்னா அக்காவே சிரிப்பாங்க. ஆனா சொல்றேன். இத்தனை வருஷம் அவங்களை யாரும் எழுதல. நான் எழுதினேன், கொஞ்ச வாரத்துலயே போயிட்டாங்க."

"உங்களை ஸ்ரீநாத் வெள்ளிக் கிரகத்துல வேக வெச்சாரே. எத்தனை வருஷம் ஆச்சு?"

"அஞ்சாறு இருக்கும்."

"வேகலையே நீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது மட்டும் இல்ல சார். உங்களுக்கு ஒண்ணு தெரியாது. பக்கம் வந்தா அதோட முடியாது. செத்தவங்க அடுத்த இதழ்ல கடிதம் எழுதணும். இந்தத் தகவல் தப்பு, நான் அப்படிச் சாகலைன்னு சண்டை போடணும். ஸ்ரீநாத் எழுதினாரே, 'அன்றைக்கு என்னிடம் குடையே இல்லை, மழைக்கோட்டுதான்'னு. அந்தக் கடிதம் வந்தாத்தான் அது விளையாட்டு. பதில் வராதுன்னா, அது வெறும் இரங்கல். நான் அக்காவுக்கு வேடிக்கை எழுதினேன், இரங்கல் எழுதல. அதனாலதான் தர மாட்டேன்னு சொல்றேன்."

கடித விஷயம் எனக்கு உண்மையிலேயே தெரியாது. முகவரி எழுதினேனே தவிர இதழை நான் ஒழுங்காகப் படித்ததில்லை.

"படிக்க மட்டும் குடுங்க," என்றேன். "அச்சடிக்கச் சொல்லல. நான் படிச்சா அவ படிச்ச மாதிரின்னு சொல்லல. ஆனா அவ வீட்ல இருந்து ஒரு ஆளாவது படிச்சிருக்கட்டும்."

அவர் உள்ளே போனார். திரும்பி வர நேரமானது. மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பிவிட்டு ஜன்னலருகே போய் நின்றுகொண்டார்.

இப்படி இருந்தது:

'ஒன்பதாம் கோள் இதழின் ஆசிரியர் ஸ்வர்ணலதா வைரவன், 2231ஆம் ஆண்டு, புளூட்டோவில் காலமானார். புளூட்டோவை மீண்டும் கோளாக அறிவிக்கும் விழாவில் கொடியேற்ற அவர் அழைக்கப்பட்டிருந்தார். பனிக்கு அடியில் உள்ள தளத்திலிருந்து லிஃப்டில் மேற்பரப்புக்கு வந்தவர், பிரகடனத்தை வாங்கிப் பார்த்து, அதில் எட்டுப் பிழைகள் இருப்பதாகவும், திருத்தாமல் கொடியேற்ற முடியாது என்றும் அறிவித்தார். அதிகாரிகள் பிழைகள் நான்குதான் என்றனர். வாதம் முடியுமுன் அவருடைய பிராணவாயு முடிந்தது. பிழைகள் எட்டுதான் என்று பிறகு தெரியவந்தது. கணவர் வைரவன் மாம்பலத்தில் கடையில் இருக்கிறார். புளூட்டோவுக்கு வரும்படி நூற்றைம்பது ஆண்டுகளாக அழைக்கப்பட்டும், தீபாவளி வியாபாரம் முடியட்டும் என்று சொல்லி வருகிறார்.'

தீபாவளி வியாபாரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போன பிறகு முதல் தடவை. மணிமொழி திரும்பிப் பார்த்தார். நான் மறுபடி முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் தடவை படிக்கும்போது ஓர் இடத்தில் நின்றேன்.

"இதுல ஒரு தப்பு இருக்கு," என்றேன்.

"எது சார்? ஆக்ஸிஜன் கணக்கா? அதெல்லாம் போட்டுப் பாத்துத்தான் எழுதினேன்."

"அறிவியல் எனக்கென்ன தெரியும். லதாவைப் பத்தி தப்பு."

"என்ன தப்பு?"

"சொல்ல மாட்டேன்."

"சார்!"

"செத்தவங்க எழுத முடியலைன்னா வீட்டுக்காரங்க எழுதக் கூடாதுன்னு விதி இருக்கா?"

அவர் யோசித்தார். "அப்படி ஒண்ணும் அக்கா எழுதி வெக்கல."

"அப்ப கடிதம் வரும். ஆனா அடுத்த இதழ்லதானே போடணும்? இந்த இதழே வரலைன்னா அடுத்ததுக்கு நான் எங்க போவேன்?"

மணிமொழி எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் மோரைக் குடித்து முடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "எந்த வரின்னாவது சொல்லுங்க சார், தூக்கம் வராது எனக்கு," என்றார். "லதாவும் வாரக்கணக்கா தூங்கல," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

இதழ் வந்தது. லதா முடித்து வைத்தபடியே, செவ்வாயில் மாவு புளிக்கும் பதிலோடு வந்தது. முதல் பக்கத்தில் அவள் காலமான செய்தியைத் தேதியோடு போட்டார்கள். கடைசிப் பக்கத்தில் மணிமொழி எழுதியதைப் போட்டார்கள். ஒரு பிரதியைத் தீபிகாவுக்கு அனுப்பினேன். "ரெண்டு பக்கத்தையும் ஒரே இதழ்ல போட எப்படிப்பா மனசு வந்துச்சு?" என்று போனில் கேட்டாள். பிறகு, "எட்டுப் பிழைதான், அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

அதற்கடுத்த இதழில் என் கடிதம் வந்தது. மூன்று நாள் எழுதி, கிழித்து, கடைசியில் சுருக்கமாக எழுதினேன்.

'ஆசிரியருக்கு, சென்ற இதழின் முன்கூட்டிய அஞ்சலியில் ஒரு தகவல் பிழை உள்ளது. ஸ்வர்ணலதா லிஃப்டில் மேற்பரப்புக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் லிஃப்டில் ஏற மாட்டார். தியாகராய நகரில் எத்தனை மாடி ஜவுளிக்கடையானாலும் படியேறித்தான் வருவார். நான் லிஃப்டில் போய்ப் பைகளோடு மேலே காத்திருப்பேன். ராக்கெட்டில் போகத் தயாராக இருக்கிற உனக்கு லிஃப்ட் என்றால் என்ன பயம் என்று ஒரு முறை கேட்டேன். ராக்கெட் எங்கேயாவது போகும், இது போன வழியே திரும்பி வருகிறது, அதை எப்படி நம்புவது என்றார். ஆகவே புளூட்டோவில் படிக்கட்டு இருந்திருக்க வேண்டும். திருத்திக்கொள்ளவும். ஸ்வர்ணலதாவுக்காக, வைரவன், மேற்கு மாம்பலம்.'

கீழே ஸ்ரீநாத் ஆசிரியர் குறிப்பு போட்டிருந்தார். 'பிழைக்கு வருந்துகிறோம். பனியில் படிகள் வெட்டும் வேலை தொடங்கிவிட்டது. கைப்பிடியும் வைக்கப்படும்.'

அந்த இதழை மெஹபூப் அலி கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார். இப்போது நான்தான் உறையில் போட்டுத் தபாலுக்கு அனுப்புகிறேன். கல்லாவில் வைத்துக்கொண்டு நடுப்பக்கத்தைத் திறந்தேன். மெஹபூபின் ஸ்டேப்ளர் முதல் இதழிலிருந்தே பின்னைச் சரியாக மடக்குவதில்லை. இந்த முறையும் விரலில் குத்தியது.